திருத்தந்தை பதக்கங்களும் அவற்றைச் செதுக்கியவர்களும்: பழைய அச்சில் பின்னால் அடித்தால் அது யாருடைய வேலை?

பழங்காசு:
வணக்கம். நாணயப் பிரிவில் போட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பதால் இங்கே கேட்கிறேன். ஐந்தாம் பயஸ் பதக்கம் ஒன்று வாங்கியிருக்கிறேன். வெண்கலம். முன்பக்கம் போப்பின் பக்கவாட்டு முகம், பின்பக்கம் கிறிஸ்தவக் கூட்டணி துருக்கியரைத் தோற்கடித்த லெபாந்தோ கடற்போர், 1571 என்ற ஆண்டு. விற்றவர் 16ஆம் நூற்றாண்டு என்று எழுதித்தான் விற்றார். படத்தைப் பார்த்த ஒரு நண்பர், "ரீஸ்ட்ரைக். அசல் இல்லை. விடுங்கள்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். ரீஸ்ட்ரைக் என்றால் பின்னாளில் மறுபடி அடித்தது.

விலை எனக்குப் பிரச்சினை இல்லை. அச்சு அதே பழைய அச்சு என்றால், அதைச் செதுக்கிய ஜான் ஃபெதெரிகோ பொன்சாஞ்ஞியின் கைவேலை இது என்று சொல்லலாமா, கூடாதா? போப்புகளைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். இதையெல்லாம் உட்கார்ந்து செதுக்கிய ஆட்களைப் பற்றித் தமிழில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சும்மாபார்வை:
என்ன விலைக்கு வாங்கினீர்கள்? அதைச் சொன்னால் அசலா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன்.

தாழம்பூ:
அச்சுகள் யாரிடம் இருந்தன என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ரோமில் பதக்கச் செதுக்குநர் வேலை பெரும்பாலும் குடும்பத் தொழில். அதில் பெரிய குடும்பம் ஹமெரானி. பூர்விகம் ஜெர்மனியின் பவேரியா. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஹான் ஆந்திரயாஸ் என்பவர் ரோமுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் ஆல்பெர்த்தோ, ஜொவான்னி மர்த்தினோ, எர்மெனெஜில்தோ, ஒத்தோனே, ஜொவாக்கினோ என்று தலைமுறை தலைமுறையாகப் போப்பாண்டவர்களுக்குச் செதுக்கினார்கள். தாங்கள் வெட்டிய அச்சுகளோடு, தங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் பழைய அச்சுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அவற்றில் மறுபடி அடித்து விற்கவும் செய்தார்கள். ரோமுக்கு வரும் பணக்காரப் பயணிகளுக்குப் போப் வரிசை முழுவதும் வேண்டும் அல்லவா, நல்ல வியாபாரம்.

1796ல் ஆறாம் பயஸ் அந்த அச்சுத் தொகுதியை நாணயச்சாலைக்காக விலைக்கு வாங்கினார். 1824ல் நாணயச்சாலை இயக்குநர் பிரான்செஸ்கோ மாசியோ கையிருப்பில் உள்ள அச்சுகளின் பட்டியலை வெளியிட்டார். ஐந்தாம் மார்ட்டின் தொடங்கி ஏழாம் பயஸ் வரை. வேண்டியதைச் சொன்னால் அடித்துத் தருவார்கள். இன்று சந்தையில் சுற்றும் பளபளப்பான "16ஆம் நூற்றாண்டு" வெண்கலப் பதக்கங்களில் நிறைய இந்த வழியில் வந்தவை. உங்களுடையதும் இதில் ஒன்றாக இருக்கலாம்.

பட்டியலின் முதல் பெயரையே பாருங்கள். ஐந்தாம் மார்ட்டின் 1431ல் இறந்துவிட்டார். மறுமலர்ச்சிக் காலத்தின் முதல் பதக்கம் என்று எல்லோரும் சொல்வது பிசனெல்லோ செய்த பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் பலயொலோகஸ் பதக்கம். அதுவே 1438ல், ஃபெராராவில் திருச்சங்கம் கூடியபோதுதான் வந்தது. அப்படியானால் மார்ட்டின் பதக்கம் அவர் காலத்தில் செய்ததாக இருக்கவே முடியாது. வரிசையில் ஓட்டை விழக் கூடாது என்று பின்னால் வந்தவர்கள் முன்னோர் போப்புகளுக்கும் முகம் கற்பனை செய்து பதக்கம் அடித்தார்கள். ஆக, "ரீஸ்ட்ரைக்" என்று உங்கள் நண்பர் ஒரே கூடையில் போட்டதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பழைய அசல் அச்சில் பின்னால் அடித்தது. இன்னொன்று, அச்சே பின்னால் வெட்டியது. பொன்சாஞ்ஞி அச்சு முதல் வகை.

கோவை_டைமேக்கர்:
நான் பதக்கம் சேகரிப்பவன் இல்லை. பிழைப்புக்கு டை, அதாவது அச்சு, வெட்டுகிறேன், அந்த ஆர்வத்தில் எட்டிப் பார்க்கிறேன்.

பழங்காசு சார், விளிம்பைப் பாருங்கள். கையால் வெட்டிய பழைய தகடு சரியான வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் மெலிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டுத் தகடு தடியாக, ஒரே கனமாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். அடுத்து, வெறும் பரப்பில் சின்னச் சின்னப் பருக்கள் மேடாக நிற்கின்றனவா? அச்சு துருப்பிடித்துக் குழி விழுந்தால் அந்தக் குழி பதக்கத்தில் மேடாக வரும். எழுத்துக்கும் ஓரத்துக்கும் இடையே மயிரிழை போல மேட்டுக்கோடு ஓடினால் அச்சு விரிசல் விட்ட பிறகு அடித்தது. இரண்டும் இருந்தால் அச்சுக்கு வயதான பின் அடித்தது என்று நம்பலாம்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு, அதுதான் ஏமாற்று வேலை. அடித்த பதக்கத்தை மண்ணில் பதித்து வார்த்து எடுப்பது. வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சுருங்கும். அருங்காட்சியகத்தில் உள்ளதை விட உங்களுடையது அரை மில்லிமீட்டர் சின்னதாக இருந்து, எழுத்தின் மூலைகள் சோப்பு தேய்ந்த மாதிரி இருந்தால் அது வார்ப்பு நகல்.

பழங்காசு:
தடியான தகடு. ஒரே கனம். போப்பின் மூக்குக்கு முன்னால் பருக்கள் இருக்கின்றன, லென்ஸ் வைத்தால் தெரிகிறது. அளவு குறையவில்லை. அப்படியானால் பொன்சாஞ்ஞி அச்சு, பிற்கால அடிப்பு. பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களைப் பழைய அச்சில் மறுபடி அடித்துச் சேகரிப்பாளர்களுக்குக் கொடுத்ததே, அந்தக் கணக்குதான். அவற்றை யாரும் போலி என்று சொல்வதில்லை, மறு அடிப்பு என்று எழுதித்தான் விற்கிறார்கள். எனக்கு இது போதும். சீட்டில் அப்படியே எழுதி வைத்துவிடுகிறேன்.

நல்லூரான்:
நல்ல இழை. ஒரு சந்தேகம். பாப்பரசர்களுக்கு இந்தப் பழக்கம் எப்படித் தொற்றியது? சுரூபத்துக்கும் செபமாலைக்கும் பக்தி இருக்கிறது, விளங்குகிறது. தன் முகத்தைத் தானே அடித்துக் கொடுப்பதில் என்ன பக்தி?

தாழம்பூ:
பக்தி கொஞ்சம், பெயர் ஆசை மிச்சம். பழைய ரோமப் பேரரசர்களின் நாணயங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துக்கொண்டே இருந்த ஊர் அது. நாணயத்தில் முகம் இருந்தால் ஆயிரம் வருடம் கழித்தும் பெயர் நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

ஆரம்பகாலக் கைகளில் ஒருவர் பிராத்தோ ஊர் அந்திரேயா குவாத்சலோத்தி. தானே குருத்துவ நிலையில் இருந்தவர், அதோடு உலோகம் வார்ப்பவர். 1455ல் இறந்த ஐந்தாம் நிக்கோலாஸுக்கும் அடுத்து வந்தவர்களுக்கும் பதக்கம் வார்த்தார். அப்போதெல்லாம் அச்சடிப்பு இல்லை, மெழுகில் உருவம் செய்து, அதிலிருந்து மண் அச்சு எடுத்து, வார்த்து, உளியால் சீர் செய்வது.

இந்த ஆசை முற்றிப்போனவர் இரண்டாம் பால். கர்தினாலாக இருந்தபோதே பழைய நாணயங்களும் செதுக்கு மணிகளும் சேர்ப்பதில் பைத்தியம். ரோமில் இன்று பலாத்சோ வெனேத்சியா என்று நிற்கும் மாளிகையைக் கட்டியபோது, தன் முகம் பதித்த பதக்கங்களைச் சுட்ட மண் உண்டியல்களில் போட்டுச் சுவருக்குள் புதைத்தார். பின்னாளில் கட்டட வேலை நடந்தபோது உண்டியலும் பதக்கமுமாக வெளியே வந்தன. எதிர்பார்த்தபடியே நடந்துவிட்டது, மனிதர் பலே ஆள்!

அப்புறம் 1506. புதிய புனித பேதுரு பேராலயத்துக்கு ஏப்ரல் 18ஆம் தேதி இரண்டாம் ஜூலியஸ் அடிக்கல் போடுகிறார், அடித்தளத்தில் பதக்கங்களும் போகின்றன. அந்தப் பதக்கத்தைச் செய்தவர் கரதோசோ என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தோஃபோரோ ஃபொப்பா, மிலான் பக்கத்துப் பொற்கொல்லர். பின்பக்கத்தில் கட்டடக் கலைஞர் பிராமந்தே வரைந்த பேராலயம்: நடுவில் பெரிய குவிமாடம், இரண்டு பக்கமும் கோபுரங்கள். அப்படி ஒரு கட்டடம் எழும்பவே இல்லை. பிராமந்தே இறந்தார், ஒருவர் மாற்றி ஒருவர் வரைபடத்தை மாற்றினார்கள். முகப்பு எப்படி இருந்திருக்கும் என்று கட்டடக்கலை வரலாற்றாளர்கள் இன்று தேடும்போது அந்தச் சின்ன வட்டத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

கோவை_டைமேக்கர்:
இனி செல்லினியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

பென்வெனுத்தோ செல்லினி, ஃபுளோரன்ஸ்காரர். 1527ல் ரோம் சூறையாடப்பட்டபோது ஏழாம் கிளெமெண்ட்டோடு சாந்தாஞ்செலோ கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். அங்கே போப்பின் உத்தரவுப்படி மும்முடிகளில் இருந்த கற்களைக் கழற்றிவிட்டுத் தங்கத்தை உருக்கியதும் அவர்தான். 1529ல் நாணயச்சாலையில் அச்சு செதுக்கும் வேலை கிடைத்தது. 1534ல் கிளெமெண்ட்டுக்காகச் செய்த பதக்கத்துக்குப் பின்பக்கம் இரண்டு. ஒன்றில் அமைதி என்னும் பெண், யானுஸ் கோயில் முன்னால் படைக்கலங்களுக்குத் தீ வைக்கிறாள். மற்றதில் மோசே பாறையை அடிக்கிறார், தண்ணீர் பீறிடுகிறது, "மக்கள் குடிக்கட்டும்" என்று லத்தீனில் எழுத்து. ஒர்வியேத்தோ நகரத்தில் கிளெமெண்ட் வெட்டுவித்த ஆழ்கிணற்றை நினைவுபடுத்துவது அது. இறங்கும் படி ஒன்று, ஏறும் படி ஒன்று என்று கழுதைகள் எதிரெதிரே முட்டாமல் போய்வரும் கிணறு.

அவர் தொழில்முறையை எழுதியும் வைத்திருக்கிறார், எனக்கு அதுதான் விருந்து. நேரே எஃகுக் கட்டியில் முகத்தைக் குடைய மாட்டார். முதலில் மெழுகில் உருவம். அதைப் பார்த்து, தலை, கை, ஆடை மடிப்பு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி எஃகு முத்திரைக்கோல், நாங்கள் பஞ்ச் என்போம், மேடாகச் செதுக்கிக் கெட்டிப்படுத்துவார். அதை மிருதுவான எஃகு அச்சில் வைத்து அடித்தால் குழி விழும். எழுத்துகளுக்கும் அப்படியே, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கோல். கடைசியில் அச்சைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்க வேண்டும். பல வார வேலை அந்த ஒரு நொடியில் டப்பென்று விரிசல் விட்டுப் போகலாம். எஃகின் தரம் என்ன, சூடு எவ்வளவு என்று அளக்க அப்போது மீட்டர் கிடையாது. நிறத்தைப் பார்த்துத்தான். இன்று எங்கள் பட்டறையில் எல்லாம் மின் உலை, ஆனாலும் குவென்ச் செய்யும் அன்று யாரும் அதிகம் பேச மாட்டோம்.

அடிப்பது அடுத்த சங்கடம். நாணயம் மெல்லியது, சம்மட்டியால் ஓர் அடி போதும். பதக்கத்தில் மேடு அதிகம். உலோகம் அச்சின் ஆழமான மூலை வரை ஏற வேண்டும். அதனால் முதலில் ஏறத்தாழ அதே வடிவத்தில் வார்த்து எடுத்து, பிறகு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பது ஒரு வழி. இன்னொரு வழி திருகு இயந்திரம்: நீளக் கம்பை ஆட்கள் சேர்ந்து இழுக்க, திருகு இறங்கி நசுக்கும். போப்பின் ஆணை மடல்களில் தொங்கும் ஈய முத்திரைக்காக பிராமந்தே இப்படி ஒரு திருகு அமைத்தார் என்பார்கள். செல்லினி அதைப் பதக்கத்துக்குப் பயன்படுத்தினார்.

குணம் மட்டும் படுமோசம். கிளெமெண்ட் இறந்த அதே செப்டம்பரில் பொம்பேயோ என்ற இன்னொரு பொற்கொல்லரைத் தெருவில் குத்திக் கொன்றார். அடுத்து வந்த மூன்றாம் பால், "தன் தொழிலில் நிகரில்லாத ஆள் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை" என்ற பொருளில் சொல்லி விட்டுவிட்டாராம். சொல்வது செல்லினியே, எனவே உப்போடு எடுத்துக்கொள்ளவும். அதே மூன்றாம் பால் காலத்தில் 1538ல் போப்பின் நகைகளைத் திருடியதாகக் குற்றம் சாட்டி அதே கோட்டையில் அடைத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

சும்மாபார்வை:
கொலைகாரன் செய்த பதக்கம் என்றால் விலை ஏறுமே.

தாழம்பூ:
செல்லினிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதி அவர் வாயால் வந்தது. அலெஸ்ஸாந்த்ரோ செசாத்தி என்று ஒருவர், சைப்ரஸ் தொடர்பால் "கிரெக்கெத்தோ", சின்னக் கிரேக்கர், என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் பாலுக்கு அவர் செய்த பதக்கத்தில் மாமன்னர் அலெக்சாந்தர் எருசலேம் தலைமைக் குருவின் முன் மண்டியிடுகிறார். போப்பின் இயற்பெயர் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசே, குறும்பு புரிகிறதா? இதைப் பார்த்த மைக்கலாஞ்சலோ, கலைக்குச் சாவு நேரம் வந்துவிட்டது, இதற்கு மேல் நல்லதாக ஒன்று வராது என்று சொன்னதாக, கலைஞர்களின் வரலாற்றை எழுதிய ஓவியர் வசாரி எழுதுகிறார். மைக்கலாஞ்சலோ அடுத்தவரைப் பாராட்டிய அபூர்வ நாள். ஆனால் செசாத்தி சுயசரிதை எழுதவில்லை, போச்சு.

நல்லூரான்:
பழங்காசு அண்ணா பொன்சாஞ்ஞியில் தொடங்கினபடியால் கேட்கிறேன். அதே ஆள்தானே 1572 பதக்கமும் செய்தவர்? பாரிசில் ஹியூகனோக்களை, அதாவது பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டுகளை, வெட்டிக் கொன்றதைக் கொண்டாடி.

தாழம்பூ:
அவரேதான். 1572 ஆகஸ்ட் 24, புனித பர்த்தலமேயு நாள் படுகொலை. பதின்மூன்றாம் கிரகோரி அந்த ஆண்டு மே மாதம்தான் பொறுப்புக்கு வந்திருந்தார். முன்பக்கம் அவர் முகம். பின்பக்கம் ஒரு கையில் சிலுவையும் மறு கையில் வாளும் ஏந்திய வானதூதர், எதிரே விழுந்து கிடப்பவர்களும் ஓடுபவர்களும். "உகொனோத்தோரும் ஸ்த்ராஜெஸ் 1572", ஹியூகனோக்களின் அழிவு, என்று சுற்றி எழுத்து. முன்பக்கத்தில் எஃப். பி. என்று ஒப்பம்: ஃபெதெரிகோ, இத்தாலியின் பார்மா ஊர்க்காரர். ரோமில் நன்றித் திருப்பாடலும் பாடினார்கள். வத்திக்கானின் சாலா ரெஜியா மண்டபத்தில் வசாரி அதைச் சுவரோவியமாகவும் தீட்டினார், இன்றும் இருக்கிறது.

கோவை_டைமேக்கர்:
அதற்கு அச்சு வெட்டியவரை என்ன சொல்வது? ஆர்டர் வந்தது, வெட்டினார். மறுத்தால் அடுத்தவர் வெட்டுவார். என்னிடம் வரும் டையில் என்ன அடிக்கப் போகிறார்கள் என்று நான் எல்லாவற்றையும் விசாரிப்பதில்லை.

நல்லூரான்:
அண்ணா, உங்கள் டையில் நீங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. அவர் போட்டிருக்கிறார். ஓடுகிற ஆளின் தோள், விழுந்தவரின் கை, எல்லாவற்றையும் அழகாகச் செய்துவிட்டுப் பெயரையும் போட்டவரிடம் "எனக்குத் தெரியாது" என்ற சாட்டு இல்லை. எங்கள் ஊரில் அழிவைக் கண்டவர்கள் இருக்கிறோம். அதற்கு யாராவது பதக்கம் அடித்தால் அடித்தவனின் கைத்திறனைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

பழங்காசு:
நல்லூரான் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ரோமுக்கு முதலில் போன செய்தியே பிரான்ஸ் அரசரைக் கொல்லச் சதி நடந்தது, அது முறியடிக்கப்பட்டது என்ற வடிவில்தான் போனது. முந்தைய ஆண்டு லெபாந்தோ வெற்றி, இந்த ஆண்டு இது என்று ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். அது சாக்கு ஆகாது. ஆனால் பட்டறையில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நல்லூரான்:
வாளோடு வானதூதரை எதிரிப் படையை நோக்கிச் செய்யவில்லை, ஓடுகிற ஆட்களை நோக்கிச் செய்திருக்கிறார். அவ்வளவு தெரிந்திருக்கிறது.

மட்டுறுத்துநர்:
இதைப் பேசத்தான் வேண்டும், பேசுங்கள். மதங்களைப் பொதுவாக இழுத்து எழுதிய இரண்டு பின்னூட்டங்களை எடுத்துவிட்டேன். பதக்கத்தைச் சுற்றியே இருக்கட்டும்.

தாழம்பூ:
அதே கிரகோரிக்கு 1582 நாட்காட்டித் திருத்தத்துக்கும் பதக்கம் உண்டு. செய்தவர் பொன்சாஞ்ஞியின் மருமகன் லொரென்சோ ஃப்ராஞ்ஞி. ஆட்டுக்கடாவின் தலை, அதைச் சுற்றி வளைந்த டிராகன். கடா வசந்தத்தின் தொடக்கமான மேஷ ராசி, டிராகன் போப்பின் குடும்பச் சின்னம். ஒரு முகத்துக்குப் பின்னால் படுகொலை, அதே முகத்துக்குப் பின்னால் இன்று நம் சுவரில் தொங்கும் நாட்காட்டி. எடுத்து வைத்துக்கொண்டு எது இவர் என்று கேட்க முடியாது, இரண்டும் இவர்தான்.

17ஆம் நூற்றாண்டுக்கு வருகிறேன், என் பிரியமான பகுதி. ஐந்தாம் பால் காலத்தில் ஆண்டுப் பதக்கம் என்ற வழக்கம் நிலைபெற்றது. ஜூன் 29, புனித பேதுரு, பவுல் விழாவுக்கு ஆண்டுதோறும் ஒன்று. அந்த ஆண்டு நடந்த முக்கியமான காரியம் எதுவோ அது பின்பக்கம். போப்பின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்பதும் எழுத்தில் இருக்கும், வரிசையாக அடுக்கினால் ஓர் அரசாங்க நாட்குறிப்பு. செதுக்குநருக்கு இதில் ஒரு தலைவலி: தேதி தள்ளாது. விழா வந்தால் பதக்கம் தயாராக இருந்தாக வேண்டும்.

கஸ்பரே மோலா என்ற கோமோ பகுதிக்காரர் எட்டாம் அர்பனுக்குச் செய்தார். அவர் வழி வந்த உறவினர் கஸ்பரே மொரோனே ஏழாம் அலெக்சாந்தர் காலத்தில் சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினியோடு வேலை செய்தார். பெர்னினி பேதுரு சதுக்கத்தின் தூண் வரிசையை 1657ல் தொடங்கும்போது அடித்தளப் பதக்கம். "அதன் அடித்தளங்கள் திருமலைகளில்" என்ற சங்கீத வரி அதில். பெர்னினி வரைந்த மூன்றாவது கை, அதாவது இரண்டு வளைவுகளுக்கும் நடுவே வாசலை மறைத்து வரவேண்டிய துண்டு, கட்டப்படவே இல்லை. அந்தக் காலப் பதக்கங்களில் மட்டும் நிற்கிறது. கரதோசோ கதைதான் மறுபடி. கட்டாதது எல்லாம் பதக்கத்தில் பத்திரமாக இருக்கிறது!

1665ல் வத்திக்கான் தோட்டத்துப் பக்கம் நீர் விசையால் ஓடும் புதிய நாணயச்சாலை அமைந்ததும் இதே அலெக்சாந்தர், பெர்னினி காலத்தில்தான்.

பழங்காசு:
பெர்னினி வரைந்தார், மொரோனே செதுக்கினார். பெயர் யாருக்குப் போகிறது?

தாழம்பூ:
ஏலப் பட்டியலில் பெர்னினிக்கு. ஒரு கோட்டு ஓவியத்தை நான்கு சென்டிமீட்டர் எஃகில், இடம் வலம் மாற்றி, மேட்டைக் குழியாக யோசித்து வெட்டியவர் அடைப்புக்குள் போய்விடுகிறார். எனக்கு இதில் தீராத கோபம்.

இன்னும் கோபம் வரும் விஷயம் பெயாத்ரிச்சே ஹமெரானி. ஜொவான்னி மர்த்தினோவின் மகள், 1677ல் பிறந்தவர். அப்பா பட்டறையில் தொழில் கற்று, பன்னிரண்டாம் இன்னொசெண்ட்டுக்குப் பதக்கம் செய்தார். ஒரு பெண் எஃகு அச்சு வெட்டி அதில் தன் பெயரையும் போட்டது அந்தக் காலத்தில் எவ்வளவு அரிது என்று சொல்ல வேண்டியதில்லை. 1704ல் இறந்துவிட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. தம்பிகள் எர்மெனெஜில்தோவுக்கும் ஒத்தோனேவுக்கும் நீண்ட ஆயுள், நிறைய பதக்கம், நிறைய பெயர்.

ஒத்தோனேயையும் குறை சொல்ல மாட்டேன். நாடு இழந்து இத்தாலியில் இருந்த, பிரிட்டனின் ஸ்டுவர்ட் அரச குடும்ப வாரிசு ஜேம்சுக்கு நிச்சயிக்கப்பட்ட கிளெமெந்தீனா சோபியெஸ்கா இளவரசியை இன்ஸ்ப்ருக்கில் பிடித்து வைத்தார்கள். 1719ல் அவர் காவலை ஏமாற்றித் தப்பி வந்தார். ஒத்தோனே பதக்கத்தில் அவர் குதிரைகள் பூட்டிய தேரைத் தானே ஓட்டிப் போகிறார். சினிமாக் காட்சி மாதிரி இருக்கும்.

சும்மாபார்வை:
சரி, சமீபத்துக்கு வாங்க. எழுத்துப் பிழையோடு ஒன்று வந்ததே?

கோவை_டைமேக்கர்:
அது 2013. திருத்தந்தை பிரான்சிஸின் முதல் ஆண்டுப் பதக்கம். சுற்றி இருக்கும் லத்தீன் வரியில் இயேசு பெயரின் முதல் எழுத்துக்கு எல் விழுந்து "லேசுஸ்" ஆகிவிட்டது. அடித்தது இத்தாலிய அரசு நாணயச்சாலை. தங்கம், வெள்ளி, வெண்கலம் எல்லாம் சேர்த்து 6,000க்கும் மேல், விற்பனையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அதற்குள் நான்கு கைமாறிவிட்டன.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது கலைஞர் பெரிய வட்டத்தில் பிளாஸ்டரிலோ கணினியிலோ உருவம் செய்கிறார், அதை இயந்திரம் சிறிதாக்கி எஃகில் வெட்டுகிறது. இந்தச் சிறிதாக்கும் இயந்திரத்துக்குப் பிரான்சின் ஜான்வியே 1899ல் காப்புரிமை வாங்கினார், அவருக்கு முன்பே அந்த வகைக் கடைசல் இயந்திரங்கள் இருந்தன. வரைபவர், சரிபார்ப்பவர், இயந்திரம் பார்ப்பவர், அடிப்பவர் என்று பல கைகள் தாண்டிப் போகும்போது ஒவ்வொருவரும் முந்தியவர் பார்த்திருப்பார் என்று நம்பிவிடுகிறார்கள். எழுத்துக்கு எழுத்து கோலை எடுத்து வைத்து அடித்த ஆள் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றிருப்பார்.

தாழம்பூ:
பழைய அச்சுகளிலும் எழுத்துப் பிழைகள் உண்டு டைமேக்கர் சார். கையால் செய்ததை ரொம்பத் தூக்கிவிட வேண்டாம்.

கோவை_டைமேக்கர்:
உண்டுதான். தொழில் பாசம்.

நல்லூரான்:
அப்படியானால் 20ஆம் நூற்றாண்டில் பதக்கக்காரர் என்று யாரைச் சொல்வது? எஃகைத் தொடாத சிற்பியையா?

தாழம்பூ:
இரண்டு உலகத்திலும் கால் வைத்தவர் ஔரேலியோ மிஸ்த்ரூத்சி. 1880ல் ஃபிரியூலி பகுதியில் பிறந்தவர். பதினோராம் பயஸ், பன்னிரண்டாம் பயஸ் காலத்து ஆண்டுப் பதக்கங்களும், 1929ல் வத்திக்கான் நகரம் தனி நாடான பின் வந்த முதல் நாணயங்களும் அவருடையவை. அதன் பிறகு பெரிய சிற்பிகளை அழைக்கும் பழக்கம் வந்தது. ஜாக்கொமோ மன்சூ இருபத்துமூன்றாம் ஜானின் முகத்தைப் பதக்கத்தில் செய்தார். லெனின் அமைதிப் பரிசு வாங்கிய இடதுசாரிச் சிற்பி. போப்பும் அவரும் பெர்கமோ ஊர்க்காரர்கள், நண்பர்கள். அப்புறம் என்ரிகோ மன்ஃப்ரீனி, "போப்புகளின் சிற்பி" என்றே பெயர் வாங்கியவர்.

எனக்கு மன்சூ முகங்கள் பிடிக்கும். விரல் பதிந்த களிமண் மாதிரி மேடு பள்ளம் அப்படியே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வழவழப்பான ஆண்டுப் பதக்கங்கள் எனக்குத் தூக்கம் வரவழைக்கும். அதே நூற்றாண்டில் இஞ்ஞாசியோ பியாங்கி மட்டும் விதிவிலக்கு. தீயில் எரிந்து மீண்டும் கட்டப்பட்ட புனித பவுல் பேராலயத்தின் உட்புறத்தைத் தூண் தூணாக, தூரத்துத் தூண் சின்னதாகிக்கொண்டே போகும்படி வெட்டியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எஃகில் எப்படி அந்த ஆழம் வந்தது என்று டைமேக்கர் சார்தான் சொல்ல வேண்டும்.

கோவை_டைமேக்கர்:
பார்த்தேன். உண்மையான ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. முன் தூணுக்கு விளிம்பைக் கூர்மையாக விட்டு, பின்னால் போகப் போக விளிம்பை மழுங்கடித்துக்கொண்டே போயிருக்கிறார். கண் ஏமாறுகிறது. இதை இயந்திரத்திடம் கேட்டால் எல்லாத் தூணையும் ஒரே கூர்மையில் வெட்டித் தரும்.

நல்லூரான்:
கடைசியாக ஒன்று. 1964 டிசம்பரில் ஆறாம் பவுல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்தபோதும், 1986 பெப்ரவரியில் இரண்டாம் ஜான் பால் இந்தியா வந்து சென்னைக்கும் போனபோதும் வெளிவந்த பதக்கங்கள் என்று சிலர் விற்கிறார்கள். வாங்கலாமா? வத்திக்கான் வெளியீடு எது, உள்ளூரில் நினைவுக்கு அடித்தது எது என்று எப்படிப் பிரிப்பது?

பழங்காசு:
வாங்குவதில் தப்பில்லை, எது என்று தெரிந்து வாங்குங்கள். தொங்கவிட வளையம் இருந்தால் பெரும்பாலும் பக்திப் பதக்கம் அல்லது நினைவுப் பொருள். இருபதாம் நூற்றாண்டு ஆண்டுப் பதக்கங்கள் 44 மில்லிமீட்டர் குறுக்களவில் இருக்கும், வளையம் கிடையாது, லத்தீன் எழுத்து, ஆட்சி ஆண்டு எண், செய்தவர் பெயர் மூன்றும் எங்காவது இருக்கும். அலுமினியம், மெல்லிய பித்தளைத் தகடு, ஆங்கில எழுத்து என்றால் உள்ளூர் வெளியீடு. அதுவும் வரலாறுதான், விலை மட்டும் வேறு. இரண்டு பக்கப் படமும் விளிம்புப் படமும் கேட்டு வாங்கி இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

சும்மாபார்வை:
கடைசியில் விலைக்குத்தான் வந்தீர்கள்.